வௌவாலின் செவியும் மூளையும்

காண்பது கண்ணின் தொழில். கேட்பது செவியின் தொழில். இவ்வாறு நாம் பிரித்து வைத்திருக்கிறோம். சற்று ஆழ்ந்து நோக்கின், கண்ணும் செவியும் வெறும் வாயில்களே என்பது புலனாகும். அவ்வாயில்களின் வழியே வரும் செய்திகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ‘இது மரம், இது பூச்சி, இது இத்தனை தூரத்தில் இருக்கிறது’ என்று தீர்ப்புக் கூறுவது மூளையாகும். இந்த உண்மையை மிகத் தெளிவாக மெய்ப்பித்துக் காட்டும் பிராணி வௌவால். செவியின் வழியே வரும் செய்தியைக் கொண்டே இருளில் உலகைக் ‘கண்டு’ வாழ்கிறது அது.

சிலாங்கூரின் வட பகுதியில், பத்தாங் காலி தொடங்கிக் கோலசிலாங்கூர் வரையிலுள்ள தோட்டங்களில் வாழ்வோர்க்கு வௌவால் புதிதன்று. அந்தி சாய்ந்ததும் லயங்களின் கூரைக்கு மேலே சுழல்வதும், வாழைப் பூவை நாடி வருவதும் நாம் அறிந்தவை. ஆயினும் அதனைப் பற்றி நாம் அறிந்தது குறைவு, அஞ்சுவது மிகுதி. அவ்வச்சம் நீங்க வேண்டுமானால், அதன் செவியையும் மூளையையும் அறிந்து கொள்வதே நல்ல வழி.

பறவையா, விலங்கா?

பழந்தமிழர் இதனை வாவல் என்றனர். சிறிய இனத்தைத் துரிஞ்சில் என்றும் வழங்கினர். மலாய் மொழியிலும் இரு பெயர்கள் உண்டு. சிறியது கெலாவார், பழம் தின்னும் பெரியது கெலுவாங். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகரின் பெயர் இப்பெரிய வௌவாலின் பெயரே ஆகும்.

பறந்தாலும் வௌவால் பறவை அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. அதன் சிறகு, நீண்ட கைவிரல்களுக்கிடையே படர்ந்த மெல்லிய தோலாகும். விலங்கு நூலார் இவ்வகுப்புக்கு இட்ட கிரேக்கப் பெயரின் பொருளும் ‘கைச்சிறகு’ என்பதே. உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. மலேசியாவில் மட்டும் 130க்கு மேல் உண்டு.

இவற்றுள் மிகச் சிறிய ஒன்று நமக்கு அண்மையிலேயே வாழ்கிறது. உலு கோம்பாக் காட்டிலுள்ள மூங்கில்களின் கணுவிடைக்குள் குடியிருக்கும் மூங்கில் வௌவாலே அது. அதன் எடை ஏறத்தாழ 4 கிராம்தான். வண்டு ஒன்று துளைத்துச் சென்ற குறுகிய பிளவின் வழியே அது உள்ளே நுழைகிறது. அதற்கேற்ப அதன் மண்டையோடு தட்டையாக இருக்கிறது. வழுக்கும் மூங்கிலைப் பற்றிக் கொள்ளக் கட்டை விரலிலும் பாதத்திலும் மெத்தை போன்ற சதை இருக்கிறது. மெட்வே பிரபு என்று அறியப்பட்ட விலங்கியல் அறிஞர், 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், இவற்றை நெருங்கி ஆராய்ந்தார். நான்கு கிராம் எடையுள்ள உடலில் மூளை எவ்வளவு இருக்கும்! அச்சிறு மூளை செய்யும் வேலையோ பெரிது.

மறுக்கப்பட்ட உண்மை

வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது தவறு. எல்லா வௌவால்களுக்கும் கண் உண்டு; பழந்தின்னிகளின் கண்கள் பெரியவை, கூரியவை. ஆனால் பூச்சி தின்னும் வௌவால்கள் காரிருளில் கண்ணை நம்பிப் பறப்பதில்லை.

இதனை முதன்முதல் சோதித்தறிந்தவர் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி. 1793இல் அவர் ஓர் ஆந்தையை முழு இருளில் பறக்கவிட்டார், அது தடுமாறியது. வௌவால் தடுமாறவில்லை. கண்ணை இழந்த வௌவால்களும் வெளியே சென்று, மற்றவற்றைப் போலவே வயிறு நிறையப் பூச்சி தின்று திரும்பின. அடுத்த ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த ஜூரீன் என்பார் வௌவாலின் காதுகளை அடைத்துப் பார்த்தார். அது சுவரிலும் கம்பத்திலும் மோதி விழுந்தது. ஸ்பல்லன்சானியும் இதைச் செய்து பார்த்து உறுதி செய்தார்.

ஆனால் அக்கால அறிஞர் பலர் இம்முடிவை ஏற்கவில்லை. வௌவால் பறக்கும்போது நம் காதில் ஒலி ஒன்றும் விழுவதில்லையே. ஒலி இல்லாதபோது செவி எதைக் கேட்கும் என்று வினவினர். வினா நியாயமானதே. விடை கிடைக்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1938இல் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் டொனால்டு கிரிஃபின், பியர்ஸ் என்னும் பௌதிகப் பேராசிரியர் அமைத்திருந்த கருவியின் முன் வௌவால்களைக் கொண்டு வந்தார். மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைக் காட்டும் கருவி அது. அமைதியான உயிர் என்று எண்ணப்பட்டது, ஓயாமல் கூவிக் கொண்டிருந்தது தெரிய வந்தது! பின்னர் கிரிஃபினும் கலாம்போசும் சேர்ந்து, வௌவால் தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே வழியறிகிறது என நிறுவினர்.

கேளா ஒலி

ஒரு பொருள் வினாடிக்கு 20 முதல் 20,000 தடவை வரை அதிர்ந்தால், அவ்வொலி மனிதனின் செவிக்குக் கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்து கொண்டே வரும். பூச்சி தின்னும் வௌவால்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேற்பட்டது. சில இனங்களில் வினாடிக்கு 100,000 அதிர்வுக்கும் மேல் செல்லும்.

இத்துணை உயர்ந்த சுருதி எதற்கு? கடற்கரையில் கண்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். பெரிய அலை சிறிய குச்சியைப் பொருட்படுத்தாமல் அதைச் சுற்றிக் கடந்து விடும். சிற்றலையோ குச்சியில் மோதித் திரும்பும். ஒலி அலையும் அவ்வாறே. வினாடிக்கு 100,000 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளமே உடையது. ஆகவே அது கொசுவின் உடலிலும் பட்டுத் திரும்பும். இதில் ஒரு குறையும் உண்டு. உயர்ந்த சுருதி காற்றில் விரைவில் தேய்ந்து போகும். எனவே வௌவாலின் ஒலி, சில மீட்டர் தூரமே வெளிச்சம் காட்டும் கைவிளக்கைப் போன்றது.

மூளை செய்யும் கணக்கு

எதிரொலியைக் கேட்பது மட்டும் போதாது. வௌவாலின் மூளை நான்கு சிக்கல்களைத் தீர்த்தாக வேண்டும்.

முதலாவது, தன் கூச்சலே தன் செவியைக் கெடுத்துவிடக் கூடாது. வௌவாலின் குரல் மிக உரத்தது. திரும்பி வரும் எதிரொலி மிக மெலிந்தது. பக்கத்தில் முரசு கொட்டும்போது தொலைவில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது எப்படி? இதற்கு இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. நடுச்செவியிலுள்ள சிறு எலும்புகளைப் பிடித்திருக்கும் தசை, குரல் எழுவதற்குச் சற்று முன்னர் இறுகிச் செவியின் கூர்மையைக் குறைக்கிறது; குரல் முடிந்ததும் தளர்ந்து எதிரொலிக்கு வழிவிடுகிறது. நாம் பேசும்போதும் இத்தசை இயங்குகிறது. ஆனால் வௌவாலின் விரைவு நமக்கு இல்லை.

இரண்டாவது, தூரம். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பூச்சியின் மேல் பட்டுத் திரும்பி வர, வினாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரமே ஆகும். தொல்காப்பியர் எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரத்தாலும், கைந்நொடிக்கும் நேரத்தாலும் அளந்து கூறினார். மனிதனின் பேச்சுக்கு அந்த அளவை போதும். வௌவாலுக்கோ, ஒரு கண்ணிமைப்புக்குள் ஒலி முப்பது மீட்டருக்கு மேல் ஓடிவிடும்! ஜேம்ஸ் சிம்மன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1970களில் வௌவால்களைப் பழக்கிச் சோதித்தபோது, இரு பொருள்களில் எது அருகில் இருக்கிறது என்பதை, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேற்றுமையிலும் அவை கண்டுகொண்டன.

இந்த நுண்ணிய காலத்தை மூளை எவ்வாறு அளக்கிறது? நோபுவோ சூகா என்னும் ஜப்பானிய அறிஞரும் வில்லியம் ஓநீலும் அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி 1979இல் இதற்கு விடை தந்தது. வௌவாலின் மூளைப் புறணியில் சில நரம்பணுக்கள், குரல் மட்டும் கேட்டால் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. எதிரொலி மட்டும் கேட்டாலும் அப்படியே. குரலும், அதற்குக் குறிப்பிட்ட இடைவெளி விட்டு எதிரொலியும் வந்தால் மட்டுமே அவை கிளர்ந்தெழுகின்றன. ஒரு நரம்பணு ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளிக்கு விழித்தெழும். அடுத்தது மூன்று பங்குக்கு. அதற்கடுத்தது நான்கு பங்குக்கு. அவை வரிசை முறைப்படி அமர்ந்திருக்கின்றன.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். இரு மாணவரை வெவ்வேறு வழியாக ஒரு வாயிலுக்கு அனுப்புகிறோம். இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து தள்ளினால்தான் கதவு திறக்கும். முதலில் புறப்பட்டவனுக்கு நீண்ட வழி. பின்னர்ப் புறப்பட்டவனுக்குக் குறுகிய வழி. கதவு திறந்தால், இருவரும் புறப்பட்ட நேரங்களின் வேற்றுமை இன்னதென்று சொல்லிவிடலாம். மூளையிலும் குரலின் செய்தி சிறிது தாமதமாக்கப்படுகிறது. எதிரொலியின் செய்தி அதனுடன் சந்திக்கும் இடத்தில் ‘கதவு’ திறக்கிறது. எந்தக் கதவு திறந்தது என்பதே பூச்சியின் தூரம். வௌவால் எண்ணிக் கணக்கிடுவதில்லை. அதன் மூளையின் அமைப்பே கணக்காக இருக்கிறது.

மூன்றாவது, திசை. பூச்சி வலப்புறம் இருந்தால் வலச் செவிக்கு ஒலி சற்று உரக்கவும், இடச் செவிக்கு மெலிந்தும் எட்டும். மூளையின் அடித்தண்டு இவ்விரண்டையும் ஒப்பிட்டு இடம்வலம் அறிகிறது. மேல்கீழ் அறியப் புறச்செவியின் மடிப்புகள் உதவுகின்றன.

நான்காவது, அசையும் பொருளை அசையாத இலைதழையிலிருந்து பிரித்தறிவது. குதிரைலாட மூக்கு வௌவால்கள் இதில் வல்லவை. எதிரே வரும் ரயிலின் ஊதல், நம்மை நெருங்கும்போது சுருதி கூடியும், கடந்ததும் குறைந்தும் கேட்பதை அறிவோம். வௌவால் முன்னோக்கிப் பறக்கும்போதும் எதிரொலியின் சுருதி அவ்வாறே கூடுகிறது. 1968இல் ஜெர்மானியரான ஷ்னிட்ஸ்லர் ஒரு வியப்பைக் கண்டார். எதிரொலி எவ்வளவு கூடுமோ, அந்த அளவுக்குத் தன் குரலின் சுருதியைக் குறைத்துக் கொண்டு பறக்கிறது அந்த வௌவால்! எதிரொலி எப்போதும் ஒரே சுருதியில் வந்து விழுகிறது. அந்தச் சுருதிக்கென்றே அதன் உட்செவியில் பெரும் பரப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பூச்சி சிறகடித்தால் எதிரொலியில் சிறு நடுக்கம் தோன்றும். இலைக்கு அந்த நடுக்கம் இல்லை. அதைக் கொண்டே இரை எது என்று தெரிந்து கொள்கிறது.

இத்தனையும் ஒரு முறை நடந்து முடிவதன்று. இரை தேடும்போது வினாடிக்குப் பத்து முறை அளவில் கூவும் வௌவால், இரையை எட்டிப் பிடிக்கும் தறுவாயில் வினாடிக்கு 150க்கும் மேல் கூவும். ஒவ்வொரு குரலுக்கும் மூளை புதுக் கணக்குப் பார்க்கிறது.

மதுரையிலும் பகாங்கிலும்

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கும் குறிப்பிடத்தக்கது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்டு நாய்வைலரும் அவ்வட்டார வௌவால்களைப் பல ஆண்டுகள் சேர்ந்து ஆராய்ந்தனர். நாய்வைலர், சத்பால் சிங், ஸ்ரீபதி ஆகியோர், அங்கு ஒன்றாக வாழும் பல இனங்களின் கேட்கும் திறனை அளந்து 1984இல் வெளியிட்டனர். மர உச்சிக்கு மேலே திறந்த வெளியில் பறக்கும் இனங்களின் செவி தாழ்ந்த சுருதிக்குக் கூர்மையாக இருந்தது. தழைகளினூடே வேட்டையாடும் இனங்களின் செவி உயர்ந்த சுருதிக்குக் கூர்மையாக இருந்தது. ஒரே வானத்தை உயரத்தாலும் சுருதியாலும் பங்கிட்டுக் கொண்டு அவை வாழ்கின்றன.

அங்குள்ள மெகடெர்மா லைரா என்னும் பெருஞ்செவி வௌவால் இன்னும் வியப்பானது. தரையில் ஊரும் எலியும் தவளையும் எழுப்பும் சலசலப்பைக் கேட்டே அது பாய்கிறது. அசையாமல் இருக்கும் தவளையை அது விட்டுவிடுவதை, மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது.

நம் நாட்டில், பகாங்கிலுள்ள கிராவ் காட்டில் டிகா கிங்ஸ்டனும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆராய்ச்சி 2001இல் வெளிவந்தது. தோற்றத்தில் ஓர் இனமென்றே கருதப்பட்ட வௌவால்களுள், ஒரு சாரார் வினாடிக்கு 131,000 அதிர்விலும், மற்றொரு சாரார் 142,000 அதிர்விலும் குரல் கொடுத்தனர். மரபுப் பொருளைச் சோதித்தபோது அவை இரு வேறு இனங்கள் எனத் தெரிந்தது. கண்ணால் காண முடியாத வேற்றுமையைக் குரல் காட்டிக் கொடுத்தது.

பழந்தின்னிகளோ, சில நீங்கலாக, இவ்வாறு குரல் எழுப்பி வழியறிவன அல்ல. கண்ணும் மூக்கும் அவற்றுக்குத் துணை. ஆயினும் 2014இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, தாய்லாந்தில் வாழும் மூன்று பழந்தின்னி இனங்கள் இருளில் பறக்கும்போது தம் சிறகுகளால் சொடுக்கொலி எழுப்புகின்றன என்றும், அதைக் கொண்டு பெரிய தடைகளை ஓரளவு உணர்கின்றன என்றும் காட்டியது.

நம் மூளையும் எதிரொலியும்

வௌவாலின் மூளை எதிரொலியைத் தேடிப் பிடிக்கிறது. நம் மூளையோ அதை ஒதுக்கித் தள்ளுகிறது. ஓர் அறையில் ஒருவர் பேசினால், அவர் குரல் நேராகவும், சுவர்களில் பட்டும் பல முறை நம் செவியை அடைகிறது. முதலில் வந்த ஒலியை ஏற்று, அதைத் தொடர்ந்து உடனே வரும் எதிரொலிகளைத் தனி ஒலிகளாகக் கொள்ளாமல் மூளை அடக்கி விடுகிறது. அதனால்தான் நமக்குப் பேச்சு ஒன்றாகக் கேட்கிறது.

ஆயினும் எதிரொலியைப் பயன்படுத்தும் ஆற்றல் மனிதனிடம் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. கண் பார்வையற்ற சிலர் நாவினால் ‘டக் டக்’ என்று ஒலியெழுப்பி, எதிரே சுவரோ மரமோ இருப்பதை அறிகின்றனர். கனடாவில் அத்தகைய இருவரின் மூளையை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். எதிரொலியைக் கேட்கும்போது, பார்வைக்குரிய மூளைப் பகுதி அவர்களிடம் கிளர்ச்சி பெற்றது! காண்பது கண்ணன்று, மூளையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதில் ஆசிரியர்களும் பெற்றோரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரைச்சலிலிருந்தும் எதிரொலியிலிருந்தும் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் குழந்தைக்குப் பிறக்கும்போதே முழுமையாக இருப்பதில்லை; பதின்ம வயது வரை அது மெல்ல மெல்ல முதிர்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டும் வேளையில், ‘பல்லி’ என்றதும் ‘பள்ளி’ என்றதும், ‘படம்’ என்றதும் ‘பட்டம்’ என்றதும் ஆசிரியருக்கு வேறாகக் கேட்கலாம். ஏழு வயதுச் சிறுவனுக்கு ஒன்றாகவே கேட்கலாம். ‘கவனிக்கவில்லை’ என்று அவனைக் கடிந்து கொள்கிறோம். அவன் செவி கேட்டது. மூளை பிரித்தெடுக்க முடியாமல் திணறியது. அத்தகைய நேரத்தில் குரலை உயர்த்துவதைக் காட்டிலும், மாணவரை அருகில் அழைத்து, வாயசைவைக் காணும்படி நின்று, நிறுத்திச் சொல்வதே பயன் தரும். சுவரில் துணியும் அட்டையும் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். எப்போதும் பிந்தியே விடை சொல்லும் மாணவனின் செவியை மருத்துவரிடம் காட்டிச் சோதிப்பதும் நம் கடமையாகும்.

அச்சமும் நன்றியும்

வௌவாலைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா நச்சுயிரி நம் நாட்டில் பரவி, 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் அந்நோய் தாவியது. ஆகையால் வௌவாலைக் கையால் தொடலாகாது. அது கடித்த பழத்தை உண்ணலாகாது. குழந்தைகளுக்கு இதனைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை வேறு, பகை வேறு. தேனுண்ணும் குகை வௌவால்களை 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்னும் இருவர் பத்துமலையில் ஆராய்ந்தனர். அவை டுரியான், பெத்தாய் மரங்களின் பூக்களை நாடிச் சென்று மகரந்தம் சேர்ப்பதையும், 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடலோரச் சதுப்புக் காடு வரை ஒரே இரவில் போய் வருவதையும் கண்டறிந்தனர். டுரியான் பூ மாலையில் மலர்ந்து அன்றிரவே உதிரத் தொடங்கி விடும். அந்தச் சில மணி நேரத்தில் வௌவால் வரவில்லையெனில் காய் பிடிப்பது அரிது. கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரமும், இரவில் மலர்ந்து வௌவாலை வரவேற்கும் மரமே.

பூச்சி தின்னும் வௌவால்களின் உதவியும் சிறிதன்று. நெற்பயிரை அழிக்கும் தத்துப்பூச்சிகளைத் தின்று அவை விளைச்சலைக் காப்பதைத் தாய்லாந்தில் ஆராய்ந்து 2014இல் கணக்கிட்டுக் கூறினர். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களை அண்டி வாழ்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால், நீயும் தொங்கு நானும் தொங்கு’ என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவை தொங்குவதற்கு இடம் வேண்டுமல்லவா? சுண்ணாம்புக் குன்றுகள் உடைபடுகின்றன. மூங்கில் புதர்கள் வெட்டப்படுகின்றன. குகைக்குள் தீ மூட்டிப் புகை போடுவோரும் உண்டு. பெரும்பாலான வௌவால்கள் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனுகின்றன. ஒரு கூட்டம் அழிந்தால் மீண்டும் பெருகப் பல்லாண்டுகள் ஆகும். தமிழ்நாட்டில் சில சிற்றூர்களில், ஆலமரத்து வௌவால்கள் அஞ்சிக் கலையுமென்று தீபாவளியன்றும் மக்கள் வெடி வெடிப்பதில்லை. ஒலியே உலகமாக வாழும் உயிருக்கு அமைதியையே காணிக்கையாக்குகின்றனர் அவர்கள். வௌவாலைப் பற்றி நூல்கள் கூறுவதை நம் பிள்ளைகள் கற்பதோடு, அந்தப் பண்பையும் அவர்கள் கற்றுக் கொள்வது நல்லது.